வெயிலில் இரையும் கம்பி

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘இழப்பு மேடம்’ என்றுதான் சொல்வார்கள். யாரையும் பறிகொடுத்ததால் வந்த பெயர் இல்லை. உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து காற்றுக்குள் கசிந்து வீணாகப் போகிற மின்சாரத்தை அளப்பது அவள் வேலை. அந்தக் கசிவுக்குக் கொரோனா இழப்பு என்று பெயர். நோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று விருந்து வீடுகளில் விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் “கரண்ட் ஆபீஸ்ல இருக்கேன்” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டு மீட்டர் வேகமாக ஓடுவதைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்கு அதுவே மேல்.

துணை மின்நிலையத்தின் பின்பக்கம், முள்வேலிக்கு உள்ளே, சில கோபுரங்களுக்கு நடுவில் ஒரு சோதனைக் கம்பி கட்டியிருந்தார்கள். மின்சாரம் ஒரே திசையில் ஓடுகிற டி.சி. லைன். அந்தக் கம்பி எந்த ஊருக்கும் போகாது, யார் வீட்டு விளக்கும் அதனால் எரியாது. முழு அழுத்தத்தையும் ஏற்றிச் சும்மா நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படிச் சும்மா நிற்கிற கம்பியும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எங்கும் போகாத கம்பி குடிப்பதெல்லாம் காற்றுக்குப் போனதுதானே? அதைத்தான் அவள் அளந்தாள். பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வெளியே மழைமானி, காற்றுமானி, ஈரப்பதம் பார்க்கிற வெள்ளைப் பெட்டி. எந்த வானிலையில் எவ்வளவு கசிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் வானத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். கருவியைப் பழுது பார்க்க அனுப்பிய வாரம் பார்த்துக் கொட்டோ கொட்டென்று கொட்டும். கருவி திரும்பி வந்து, எல்லாம் பொருத்தி, தேநீர்க் குவளையோடு சன்னலோரம் உட்கார்ந்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒருமுறை நல்ல மழை, நல்ல கருவி, இரண்டும் ஒன்றாக வாய்த்தது. அன்றைக்கு மழைமானிக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது.

இப்படித் தட்டுத்தடுமாறிச் சில வருஷங்களில் அவள் ஒரு வரைபடம் உருவாக்கினாள். காய்ந்த நாளில் இவ்வளவு, காற்றடித்தால் இவ்வளவு, தூறலில் இவ்வளவு, பெருமழையில் இவ்வளவு. பழைய ஏ.சி. லைன்களில் மழை வந்தால் இழப்பு பல மடங்கு எகிறும். டி.சி.யில் அப்படி இல்லை. இரண்டு மூன்று மடங்கோடு நின்றுவிடும். ஆனாலும் ஏறும், அது உறுதி. அந்த வரைபடத்தைத் தலைமை அலுவலகம் பாராட்டியது. பாராட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தங்கள் விதிமுறைப் புத்தகத்திலும் எடுத்துச் சேர்த்துக்கொண்டது.

அங்கேதான் வந்தது வினை.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. ஊரின் ஓரத்தில், வயல்வெளியைப் பார்த்த கடைசித் தெருவில் அக்காவின் வீடு. அக்கா கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். சாயங்காலம் வண்டியை எடுத்தால் விடிந்த பிறகுதான் திரும்புவார். பகலில் தூங்கினால்தான் மறுபடி ஓட்ட முடியும். வீட்டின் பின்னறை அதற்காகவே ஒதுக்கியது. கனத்த திரை, சத்தம் போடாத மின்விசிறி, வாசலில் அக்காவின் காவல். அவர் தூங்குகிற நேரத்தில் அந்தத் தெருவில் காய்கறி வண்டிக்காரர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அக்காவின் முறைப்பு அப்படி.

சில வருஷத்துக்கு முன் வயல்வெளி வழியாகப் புதிய டி.சி. லைன் வந்தது. கோபுரம் எழும்பி, கம்பி இழுத்து, அழுத்தம் ஏற்றிய முதல் கோடையில் அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, உங்க கம்பி ஏன் இப்படிக் கத்துது?”

“எப்படிக் கத்துது?”

“காஞ்ச வாணலில தண்ணி தெளிச்சா எப்படி இருக்கும்? அந்தச் சத்தம். நடுநடுவுல படபடன்னு வேற. தெளிச்சவங்க கையே நிக்க மாட்டேங்குது. வெயில் ஏற ஏறக் கூடுது. உங்க மாமா புரண்டு புரண்டு படுக்குறார்.”

“மழைல?”

“மழை பெஞ்சா சத்தமே இல்லடி. அன்னைக்குத்தான் மனுஷன் தூங்குறார்.”

அக்கா சொல்வது சரி என்று சின்னவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சோதனைக் கம்பிக்குக் கீழேயே குடியிருக்கிறவள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? ஆனால் அதை ஒருநாளும் அளந்ததில்லை. அவளிடம் கேட்டது இழப்பு. சத்தத்தை யாரும் கேட்கவில்லை.

முறைப்படி புகார் எழுதச் சொன்னாள். அக்கா எழுதினாள். சத்தம் அளக்கிற குழு வந்தது. எப்போது வந்தது? ஒரு பெருமழை ஓய்ந்து, கம்பியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில். விதி அப்படித்தான் சொல்கிறது: மிக மோசமான வானிலையில் அளக்க வேண்டும், மோசமான வானிலை என்றால் மழை. குழு மீட்டரை நிறுத்தியது, பார்த்தது, ‘சத்தம் வரம்புக்கு வெகு கீழே’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

“உங்க ஆளுங்க வந்து தவளை கத்துறத அளந்துட்டுப் போனாங்க,” என்றாள் அக்கா. “தவளைங்க வரம்புக்குள்ளதான் கத்துதாம்.”

விதிமுறைப் பிரிவில் மூத்த அதிகாரி ஒருவர் இருந்தார். விதிகளை விரல் நுனியில் வைத்திருந்ததால் அலுவலகத்தில் அவருக்கு ‘விதி’ என்றே பெயர். “விதி லீவுல இருக்கு”, “விதி கையெழுத்துப் போட மாட்டேங்குது”, “விதி மாடிப்படி ஏறி வருது” என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார், யார் பக்கமும் சாயமாட்டார். அவளுக்குச் சில நேரம் தோன்றும், கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும் என்று.

அவரைப் போய்ப் பார்த்தாள்.

“சார், டி.சி. லைன்ல சத்தம் வெயில் நாள்லதான் அதிகம். மழைல அளக்குறது தப்பு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேடம், மழைல கொரோனா கூடுதா குறையுதா?”

“இழப்பு கூடும் சார்.”

“யார் சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

“அதான் நானும் பாக்குறேன்.” புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய வரைபடம். கீழே அவளுடைய பெயர். “மழைல கொரோனா அதிகம்னு நீங்களே நிரூபிச்சிருக்கீங்க. கொரோனாவாலதான் சத்தம். அப்போ மழைதானே மோசமான வானிலை?”

“சார், இழப்பு வேற, சத்தம் வேற. நனைஞ்ச கம்பி பூரா துளி தொங்கும். எல்லாத் துளியும் கொஞ்சம் கொஞ்சமா கசியும். கசிஞ்ச மின்னேற்றம் கம்பியச் சுத்திப் போர்வை மாதிரி நின்னுடும். போர்வைக்குள்ள பெருசா வெடிக்காது. அமைதியா நிறையக் கசியும். காஞ்ச நாள்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பூச்சி, தூசி, காஞ்ச இலைத் துணுக்கு ஒட்டியிருக்கும். அது ஒவ்வொண்ணும் தனித்தனியா வெடிக்கும். மொத்த இழப்பு கம்மி, ஆனா சத்தம் அதிகம். பிளஸ், மைனஸ் ரெண்டு கம்பில பிளஸ் கம்பிதான் ரொம்பச் சத்தம் போடும். அதுதான் அந்த வீட்டுப் பக்கம் இருக்கு.”

“அளந்திருக்கீங்களா?”

“...இல்ல சார்.”

“புகார் குடுத்தது உங்க கூடப்பிறந்தவங்கன்னு கேள்விப்பட்டேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினாள். தன் பெயர் போட்ட வரைபடமே தன் அக்கா வாயை அடைக்கிற துணியாக ஆகும் என்று அதை வரைந்தபோது அவள் நினைத்தாளா?

அந்தக் கோடை முடிவதற்குள் மாமாவின் பேருந்து பணிமனை வாசலில் உரசியது. காலையில் பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியை உள்ளே கொண்டுவந்தபோது ஒரு கணம் கண் சொக்கியிருக்கிறது. வாசல் தூணில் வண்டியின் பக்கவாட்டுத் தகடு கிழிந்தது. யாருக்கும் அடியில்லை. விசாரணை வைத்தார்கள். தூக்கம் போதவில்லையா என்று கேட்டதற்கு, ஆமாம், கம்பி கத்துகிறது என்று மாமா சொன்னார். விசாரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

செய்தி கேட்டு ஓடிப்போன சின்னவளை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“வாடி, கரண்ட் ஆபீஸ் மகாராணி. ஆள் போக வேண்டியது தகடோட போச்சு. சந்தோஷமா?”

“அக்கா, நான் என்ன செய்யட்டும்? கேட்டுட்டுத்தான் இருக்கேன்...”

“கேட்டுட்டுத்தான் இருக்க. இத்தன வருஷமா அந்தக் கம்பிக்குக் கீழ உக்காந்து என்னத்த அளந்த? மழை பெஞ்சா எவ்வளவு, காத்தடிச்சா எவ்வளவுன்னு அளந்தியே, ஒரு மனுஷன் தூங்குனா எவ்வளவுன்னு அளந்தியா? உங்க ஆபீஸ்ல வேற யாரையும் எனக்குத் தெரியாது, உன்னத்தான் தெரியும். அதனால உன்னத்தான் கேப்பேன்.”

உள்ளே மாமா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “விடு, அவ என்ன பண்ணுவா, கம்பியோட வாயப் பொத்துவாளா?” என்றார். அவர் பரிந்து பேசியது அக்கா திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் சத்தம் அளக்கிற கருவி கேட்டு எழுதினாள். உங்கள் திட்டத்தில் சத்தம் இல்லை என்று பதில் வந்தது. திட்டத்தை விரிவாக்கக் கேட்டாள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பழைய தோழியிடம் இரவல் கேட்டாள். கிடைத்தது, ஒலிவாங்கி இல்லாமல். ஒலிவாங்கி வந்து சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக மழையைப் பார்த்து அவள் சத்தமாகத் திட்டினாள். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்து, வறண்ட காற்று தொடங்கியிருந்த ஒரு நாள், பெரிய புழுதிக் காற்று ஒன்று அடித்தது. நாள் முழுக்க வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. மறுநாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. அக்காதான். குரலில் சிரிப்பு.

“சின்னவளே! நின்னுடுச்சுடி!”

“என்ன நின்னுச்சு?”

“சத்தம்டி! காலைலேருந்து சுத்தமா இல்ல. உங்க மாமா படுத்தவர் படுத்தவர்தான். அசையக்கூட இல்ல. பயந்துபோய் மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாத்தேன். நீ என்ன பண்ணின? யாரப் பாத்த? சரி சரி, போன்ல வேணாம். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா.”

சின்னவள் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு விசாரித்தாள். காரணம் சாதாரணமானது. கம்பியைத் தாங்குகிற பீங்கான் வட்டுகளில் புழுதி அப்பிக்கொண்டது. அதன்மேல் பனி இறங்கினால் மின்சாரம் வட்டுகளைத் தாண்டிப் பொறி பறக்க இறங்கிவிடும். அதனால் வட்டுகள் சுத்தமாகிற வரைக்கும் லைனின் அழுத்தத்தைக் கணிசமாகக் குறைத்து ஓட்டுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொரோனா ஒடுங்கும். சத்தமும் ஒடுங்கும். யாரும் அக்காவையோ மாமாவையோ நினைத்துச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனாள். அக்கா வீடு வீடு மாதிரி இருந்தது. மாமா சவரம் செய்திருந்தார், கண்ணில் அந்தச் சிவப்பு இல்லை. பேருந்தில் பயணிகள் செய்கிற கூத்துகளைச் சொல்லிச் சிரித்தார். நிறுத்தம் வந்தும் எழாத பயணியைத் தான் எழுப்பிவிட, அவர் “இன்னும் அஞ்சு நிமிஷம்மா” என்று சொன்ன கதை. அக்கா, தங்கை தட்டில் கேட்காமலேயே பரிமாறிக்கொண்டிருந்தாள். “எங்க சின்னவ பேசாம இருப்பா, ஆனா காரியத்துல கண்ணு,” என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சுவருக்கு மேலே எட்டிச் சொல்லிவிட்டு வேறு வந்தாள்.

சின்னவள் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினாள்.

“அக்கா, நான் ஒண்ணும் பண்ணல.”

“என்னது?”

எல்லாவற்றையும் சொன்னாள். புழுதி, பீங்கான், அழுத்தம். அடுத்த மழை வந்து வட்டுகளைக் கழுவினால் அழுத்தத்தைப் பழையபடி ஏற்றிவிடுவார்கள் என்பதையும் சொன்னாள்.

அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். “இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். இன்னும் ரெண்டு நாள் உன்ன நெனச்சுப் பெருமைப்பட்டிருப்பேன்.”

மாமா மெதுவாகக் கேட்டார்: “அப்போ குறைச்சும் ஓட்ட முடியும். அப்படித்தானே? முடியாதுன்னு இல்ல.”

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பினாள். கோடைப் பகல்களில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் என்ன? கணக்குப் போட உட்கார்ந்தாள். அழுத்தம் குறைந்தால், அதே அளவு மின்சாரத்தைச் சேர்ப்பிக்க அதிக மின்னோட்டம் அனுப்ப வேண்டும். அதிக ஓட்டம் போனால் கம்பி சூடாகும். அந்தச் சூட்டில் போகிற இழப்பு, கொரோனாவில் மிச்சமாவதைவிட எங்கேயோ அதிகம். இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். இழப்பை அளக்கிறவளே இழப்பைக் கூட்டச் சொல்லி எப்படி எழுதுவாள்? வேறு யாரும் அவளை மறுக்க வேண்டியிருக்கவில்லை. தானே கேட்டு, தானே இல்லை என்று சொல்லிக்கொண்டாள். கோபத்தில் பென்சிலை எறிந்தாள். அது அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அதையும் எடுக்க முடியவில்லை.

மழை வந்தது. வட்டுகள் கழுவப்பட்டன. அழுத்தம் ஏறியது. வெயில் அடித்ததும் கம்பி வழக்கம்போல ஆரம்பித்தது.

அடுத்த கோடையை அவள் விடவில்லை. இரவல் கருவியைச் சோதனைக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். சத்தம் ஒரு பக்கம், இழப்பு ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்தே அளந்தாள். வெயில், அனல்காற்று, கம்பியில் பூச்சி அப்புகிற சாயங்காலம், தப்பித் தவறி வந்த ஒரு கோடை மழை. மழையில் இழப்புக் கோடு மேலே போனது, சத்தக் கோடு கீழே இறங்கியது. இரண்டு கோடும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக்கொண்டு போயின. அதை எடுத்துக்கொண்டு விதியிடம் போனாள். அவர் பார்த்தார். “ஒரு கோடைதானே?” என்றார்.

“சார், வந்து உங்க காதாலயே கேளுங்க.”

அவர் வந்துவிட்டார்! அவளே எதிர்பார்க்கவில்லை. உச்சி வெயிலில், குடையோடு, தகரக் கூரைக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்தார். வியர்வை கழுத்துப்பட்டைக்குள் வழிந்தது. கம்பி இரைந்துகொண்டே இருந்தது. பாதி நாள் உட்கார்ந்திருந்தார். கூடவே கொண்டுவந்த செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை. போகும்போது, “இதுல எப்படி மேடம் தினமும் உக்காந்திருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு விதியை மாற்ற விதியே அலைந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். குழுவில் வைத்தார், திருப்பி அனுப்பினார்கள். விளக்கம் எழுதினார், வேறு பிரிவு கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். கருத்துச் சொல்ல வேண்டியவர் ஓய்வு பெற்றுப் போனார். புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். இதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போனது. கடைசியில் மாறியது: டி.சி. லைன்களுக்கு, சத்தம் வறண்ட கோடை நாளில் அளக்கப்பட வேண்டும்.

சின்னவள் உடனே அக்காவுக்குப் போன் செய்தாள். “இந்தத் தடவை நிஜமாவே நான்தான் பண்ணினேன்,” என்றாள்.

அளக்கிற நாளுக்கு அவள் கேட்டு வாங்கின மாதிரி வானிலை அமைந்தது. காய்ந்த வெயில், இதமான காற்று, முந்தின வாரம் முழுக்கப் பூச்சிகள் கம்பியில் அப்பியிருந்தன. இத்தனை வருஷத்தில் வானம் ஒருநாள் அவள் சொன்னபடி கேட்டது என்றால் அன்றுதான். உறவினர் என்பதால் அவள் கருவியைத் தொடக் கூடாது, அளக்கிற இடத்துக்கும் போகக் கூடாது என்பது ஏற்பாடு. அக்கா வீட்டுச் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளி நிறுவனத்திலிருந்து வந்த அளவுக்காரர் பின்னறைச் சன்னலுக்கு வெளியே மூன்றுகால் தாங்கியை விரித்து ஒலிவாங்கியை நிறுத்தினார். விதி ஓரமாக நின்றார். மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு பின்வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தேநீர் கொடுத்தாள். ஆனால் டம்ளரை வைக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று எல்லோரும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கம்பி கத்தியது. நன்றாகவே கத்தியது. சின்னவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. கத்து, கத்து என்று உள்ளுக்குள் அதைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அளவுக்காரர் முடித்து, சராசரி போட்டு, விதியிடம் காட்டினார். விதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“வரம்புக்கு ஒரு மயிரிழை கீழ இருக்கு மேடம்,” என்றார் உள்ளே வந்து. “மேல இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்.”

“கீழன்னா?” என்றாள் அக்கா.

“சட்டப்படி... இது அனுமதிச்ச சத்தம்தாம்மா.”

“அப்போ என் வீட்டுக்காரர் சட்டத்துக்கு விரோதமா முழிச்சிட்டு இருக்காரா?”

வரம்பு அந்த அதிகாரி வைத்ததில்லை. சாலைச் சத்தத்துக்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது. ஓய்ந்து ஓய்ந்து வருகிற வண்டிச் சத்தமும், ஓயாமல் காதைச் சுரண்டுகிற இந்த இரைச்சலும் மீட்டருக்கு ஒன்றுதான். “மன்னிச்சுக்கோங்கம்மா,” என்றார். மனதாரத்தான் சொன்னார். தேநீர் டம்ளரைக் கழுவும் தொட்டியில் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா கத்துவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கா டம்ளர்களைக் கழுவினாள், துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள், அடுக்கினாள். பிறகு, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். சின்னவள் பின்வாசலுக்குப் போய் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் வண்டியில் பயணிகளுக்குச் சொல்வது மாதிரியே, “சரி சரி, பாத்துப் பாத்து,” என்றார்.

சில மாதம் கழித்து மாமா பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டார். நகரப் பேருந்து. அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. நீண்ட சாலையில் ஒரே வேகத்தில் வண்டியை விட்டுப் பழகிய கைக்கு நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் மிதிப்பது தண்டனையாக இருந்தது. “இது ஓட்டுறது இல்ல, உருட்டுறது,” என்பார். ஆனால் தூங்கினார். இரவில் காற்று ஈரமாகிறபோது கம்பி ஓரளவு அடங்கும். முன்னறையில் படுத்தால் தெரியாது. பின்னறையில் இப்போது அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் இருக்கின்றன. அக்கா தங்கையிடம் பழையபடி பேசுகிறாள். ஒன்றை மட்டும் பேசுவதில்லை. சின்னவளின் வேலையைப் பற்றி இப்போதெல்லாம் அவள் கேட்பதே இல்லை.

அப்புறம் இன்னொரு புதிய லைனுக்குத் திட்டம் போட்டார்கள். மெல்லிய கம்பியா, தடித்த கம்பிகளைக் கொத்தாகக் கட்டுவதா என்று விவாதம். இழப்பு மேடத்தின் எண்கள் தேவைப்பட்டன. தடித்த கொத்தில் வெயிலிலும் மழையிலும் கசிவு குறைவு என்று காட்டினாள். சத்தமும் மிகவும் குறையும் என்று தனியாக ஒரு பக்கம் எழுதி இணைத்தாள். இறுதி அறிக்கை வந்தபோது தடித்த கம்பியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இழப்பு மிச்சமாவதுதான் காரணம். அவள் இணைத்த சத்தப் பக்கத்தை, தேவையில்லாதது என்று யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

லைன் ஓட ஆரம்பித்த முதல் கோடையில், கருவிகளோடு அந்தப் பக்கம் போனாள். வறண்ட வெயில். கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு. ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“கம்பிச் சத்தம் தொந்தரவா இருக்குதாம்மா?” என்று கேட்டாள்.

“எந்தச் சத்தம்?” என்றாள் அந்தப் பெண். அண்ணாந்து பார்த்தாள், காதைக் கொடுத்துக் கேட்டாள். “அதுல கரண்ட் ஓடுதா இல்லையான்னே எங்களுக்குச் சந்தேகம். ஒரு சத்தமும் வராது. ஏங்க, சத்தம் வருமா?”

“வராது,” என்றாள். “உங்களுக்கு வராது.”

சந்தோஷப்பட வேண்டியதுதான். அவள் கொடுத்த எண்ணால்தான் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரோ பிள்ளையோ பகலில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் வண்டியை நோக்கி நடந்தபோது அவளுக்கு வந்தது எரிச்சல்தான். யார்மேல் என்று சொல்லத் தெரியாத எரிச்சல். கதவை வேண்டிய அளவுக்கு மேலேயே ஓங்கிச் சாத்தினாள். வண்டியோட்டி என்ன மேடம் என்று திரும்பினார்.

“ஒண்ணுமில்ல. வண்டிய எடுங்க. வெயில் இருக்கும்போதே அடுத்த கோபுரத்தையும் அளந்துடலாம்.”